வளராத புல்லுக்கு ஒரு மெஷின்

எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான உத்தியோகம் புல் வளர்ப்பது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு மாட்டுப் பண்ணையா என்பார்கள். மாட்டுக்கு இல்லை, ஆட்டுக்கும் இல்லை. புதுக்கோட்டையில் சமஸ்தான உத்தியோகஸ்தர்கள் கூடிப் பேசவும் பந்தடிக்கவும் ஒரு கிளப் இருந்தது. அதன் கட்டிடத்துக்கு முன்னால் பெரிய வெளி. அதில் புல் வளர்க்க வேண்டும். வளர்ந்ததும் வெட்ட வேண்டும். வெட்டியதும் மறுபடி வளர்க்க வேண்டும். எதற்கு என்று கேட்டேன். அழகுக்கு என்றார்கள். அழகாக வளர்ந்ததை ஏன் வெட்ட வேண்டும் என்று அடுத்துக் கேட்க நினைத்து, சேர்ந்த அன்றே வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

பள்ளிப் படிப்பு முடித்தவன், வயல் வேலையும் பார்த்தவன் என்பதால் என்னை எடுத்தார்கள். ஆனால் தற்காலிகம். இந்த ஒரு சொல்தான் என் கழுத்தை அறுத்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியிருந்தது. அதற்கு முன் நான் கணக்கெழுதிய ஜவுளிக்கடை படுத்துவிட்டதால், என் மனைவி அரிமளத்துக்குப் பக்கத்தில் தன் தகப்பனார் வீட்டுக்கே திரும்பிப் போயிருந்தாள். மாமனார் கெட்டவர் இல்லை. நாலு ஏர் வைத்து வெள்ளாமை செய்கிறவர், என்னிடம் ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அதுதான் கஷ்டம். கோபப்படுவதற்கு இடமே கொடுக்காமல் மறுத்துவிடுவார்.

"வேலைய உறுதி பண்ணிட்டு வாங்க மாப்ளே, மறுநாளே பிள்ளைய அனுப்பி வைக்கிறேன். இன்னைக்கு இருந்து நாளைக்கு இல்லாமப் போற வேலைய நம்பி எப்புடி அனுப்புறது, நீங்களே சொல்லுங்க."

நானே என்ன சொல்வது? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போவேன். அவள் பரிமாறுவாள், நான் சாப்பிடுவேன், எதிரே மாமனார் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவார். பொழுது சாய்வதற்குள் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவேன். கிளப்புக்குப் பின்னால் எனக்கென்று ஓர் ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். அதில் அடுப்பு மூட்ட ஆள் இல்லை. அந்தப் புல் பச்சையாக இருந்தால் வேலை நிரந்தரம், வேலை நிரந்தரமானால் மனைவி வருவாள். என் குடித்தனம் அப்படி ஒரு புல்லை நம்பி நின்றது.

கிளப்பின் செயலாளர் ஒரு வக்கீல். ஒரு கோடைக்கு ஊட்டிக்குப் போய்விட்டு வந்தவர். போகாமல் இருந்திருந்தால் எங்கள் எல்லாருக்கும் நல்லது.

"அங்கல்லாம் லான்ல செருப்பைக் கழட்டிட்டு நடக்கணும்யா. வெல்வெட்டு மேல நடக்குற மாதிரி இருக்கும். அதே மாதிரி இங்க வேணும்," என்றார்.

ஊட்டியில் நாளெல்லாம் சாரல் விழும். எங்கள் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் பெய்வதுதான் மழை, மற்றபடி வானம் பார்த்த செம்மண்ணும் சரளைக் கல்லும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவருக்கும் தெரியாதா என்ன, இந்த ஊர்க்காரர்தானே. புல் காயக்கூடாது என்பார். கிணற்றுத் தண்ணீரை ரொம்ப இறைக்காதே என்பார். உரம் போடு என்பார். சீமை உரம் போடாதே என்பார். பக்கத்துப் பங்களாவில் மூட்டையில் வந்த வெள்ளை உப்பை வாங்கித் தூவி, போதுமான தண்ணீர் விடாததால் புல் முழுக்கத் தீய்ந்து போயிருந்தது. அந்தப் பயம் அவருக்கு. எனக்கும் அந்த உப்பில் நம்பிக்கை இல்லை. ஆகவே அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒத்துப்போனோம்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். வரப்பு அருகம்புல்லை வேரோடு கொண்டுவந்து நட்டேன். கண்மாய் வண்டலை வண்டியில் அடித்துப் பரப்பினேன். கரையானுக்கு வேப்பம்புண்ணாக்கைப் பொடித்துத் தூவினேன். விடிந்ததும் மாட்டைப் பூட்டிக் கிணற்றில் கமலை இறைத்து, வெயில் ஏறுமுன் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கிவிடுவேன். மாசி வரை தாக்குப் பிடித்தது. பங்குனியில் மஞ்சளடித்தது. இதில் ஒரு வேடிக்கை. ஒட்ட வெட்டிய இடமெல்லாம் முதலில் காய்ந்தது. வேலி ஓரத்தில், யாரும் வெட்டாமல் கணுக்கால் உயரம் விட்ட இடம் கடைசிவரை பச்சையாக இருந்தது. தன் நிழலிலேயே தன் வேரைக் காப்பாற்றிக்கொண்டது போலிருக்கிறது. ஓடிப்போய்ச் செயலாளரிடம் சொன்னேன், கொஞ்சம் வளரவிட்டால் காயாது என்று.

"வளரவிட்டா அது லான் இல்லையா, காடு," என்றார்.

இந்தக் குழப்பம் போதாதென்று மெஷின் வந்து சேர்ந்தது. அதாவது மெஷின் வரவில்லை, புல் வெட்டும் மெஷின்களின் படம் போட்ட புத்தகம் மதராஸிலிருந்து வந்தது. அதில் எது நமக்கு ஏற்றது என்று நான் ஆராய்ந்து சொல்ல வேண்டும். "சரியாப் பாத்துச் சொல்லு. லானும் நல்லா இருந்துச்சுன்னா கமிட்டியில பேசி ஒன்னை நிரந்தரம் பண்ணிடுறேன்," என்று செயலாளர் என் தோளில் தட்டினார். தட்டிய இடத்தில் ஒரு வாரம் வரை சந்தோஷமாக இருந்தது.

புத்தகத்தில் பக்கம் பக்கமாக மெஷின். சிறியது ஒன்று, ஓர் ஆள் தள்ளுவது. இரண்டு சக்கரத்துக்கு நடுவில் முறுக்கிவிட்ட கத்திகள் உருளும், கீழே ஒரு நிலையான கத்தி. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட புல் நறுக்கப்படும். பெரியது ஒன்று, குதிரை இழுப்பது. அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்தேன். குதிரையின் நாலு காலிலும் தோல் செருப்பு. குளம்பு பட்டுப் புல்தரையில் பள்ளம் விழாமல் இருக்கவாம். செயலாளருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. குதிரை வேண்டாம், கமலை மாட்டையே பூட்டலாம், மாட்டுக்குச் செருப்பு தைக்க முடியுமா என்று விசாரித்து வா என்றார்.

கீழ ராஜ வீதியில் எனக்குத் தெரிந்த செருப்புக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார்.

"மாட்டுத் தோல்ல மாட்டுக்கே செருப்பா? பாவம் இல்லையாங்க அது?"

"பாவமோ புண்ணியமோ, தைக்க முடியுமா முடியாதா?"

"தைக்கலாம். குளம்பு ரெண்டாப் பிளந்து இருக்கே, அதுக்கு ஏத்த மாதிரி வெட்டணும். காளையக் கூட்டிட்டு வந்துருங்க, அளவு எடுக்கணும்ல."

அவர் கிண்டல் செய்கிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. காளையை ராஜ வீதியில் நடத்திக் கூட்டிவந்து செருப்புக்கு அளவு கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. கடைக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டதாகச் செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.

தள்ளுகிற மெஷினை மட்டும் சோதித்துப் பார்க்க முடிந்தது. வேறொரு பங்களாவின் வண்டிக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த ஒன்றை இரவல் வாங்கி, எண்ணெய் போட்டு, கத்தி தீட்டி ஓட்டினேன். கடகடவென்று ஊரையே கூட்டியது. ஆனால் சித்திரை மாதத்து அருகம்புல் கம்பி மாதிரி. மெஷின் வரும்போது பணிவாகத் தலையைச் சாய்த்துக்கொள்ளும், தாண்டியதும் எழுந்து நிற்கும். திரும்பிப் பார்த்தால் வெட்டினேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம். சரளைக்கல் ஒன்று மாட்டிக் கத்தியில் பல் விழுந்தது. தண்ணீர் பாய்ச்சிய ஈரத்தோடு ஓட்டினால் புல் கத்தியில் அப்பிக்கொண்டது. ஈரம் காய்ந்து வெயில் ஏறாத சிறு பொழுதில்தான் ஏதோ கொஞ்சம் வெட்டியது. நாலு பெண்களைக் கதிர் அரிவாளோடு வரிசையாக உட்கார வைத்தால் இதைவிட ஒழுங்காக அறுப்பார்கள், களையையும் வேரோடு பிடுங்கிக்கொண்டே போவார்கள். ஆனால் என்னிடம் கேட்டது எந்த மெஷின் என்று. மெஷின் வேண்டாம் என்பது அதற்கு விடையாகுமா? வளராத புல்லை வெட்ட எந்த மெஷின் நல்லது என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றியது.

இந்த நிலையில் ஒரு நாள் மாமனார் வீட்டுக்குப் போனேன். வேலை எப்படி என்று அவர் கேட்டதும், அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார்.

"இதுக்கா மாப்ளே இம்புட்டு மண்டைய ஒடைக்கிறீங்க? கிடை போடுங்க. மண்ணு குளுந்துரும். அடுத்த மழைக்குப் பாருங்க, எப்புடி வருதுன்னு."

எங்கள் பக்கத்தில் அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவது வழக்கம். ஆட்டுக்காரர் பகலில் மந்தையை மேய்த்துவிட்டு, இரவில் வயலில் கொண்டுவந்து அடைப்பார். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். மறுநாள் பக்கத்துத் துண்டுக்கு மாற்றுவார். அதைவிட நல்ல எரு கிடையாது என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். மாமனார் அதோடு நிற்கவில்லை. தன் வயலுக்கு வழக்கமாக வரும் ஆட்டுக்காரரையே எனக்காக அனுப்பிவைத்தார். மாப்பிள்ளையின் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்தது. அதை நான் இல்லை என்று சொல்ல முடியாது.

அப்போது கிளப் உறுப்பினர்கள் பாதிப்பேர் மலைப் பிரதேசத்துக்குப் போயிருந்தார்கள், செயலாளர் உட்பட. கேட்க ஆளில்லை. வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக உலாவும் இடத்தில் ஆடுகள் படுத்து அசை போட்டன. கோடையில் மேய்ச்சல் ஏது? ஆட்டுக்காரர் பகலெல்லாம் கண்மாய்க்கரை வேலமரங்களைத் தொரட்டியால் உலுக்கி, காய்ந்த காயான நெத்தை உதிர்த்துத் தின்னக் கொடுத்தார். காலையில் புழுக்கையோடு வழவழப்பான பழுப்பு விதைகளும் கிடக்கும். சின்ன வயதிலிருந்து கிடை வயலில் பார்த்ததுதான். நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

வைகாசிக் கடைசியில் இரண்டு நல்ல கோடை மழை பெய்தது. ஒரு வாரத்தில் தரை பச்சை பூத்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அருகு துளிர்த்திருந்தது உண்மை. ஆனால் அதனூடே வேறொரு பச்சையும் இருந்தது. குட்டிக் குட்டியாக, சீப்பு மாதிரி இலை. தொட்டாச்சுருங்கியோ என்று தொட்டுப் பார்த்தேன், சுருங்கவில்லை. நெருஞ்சியா? இல்லை. என்ன அது என்று புரிந்தபோது அது சாண் உயரம் வளர்ந்திருந்தது. வேலங்கன்று. ஒன்றல்ல, பத்தல்ல, நாற்றங்கால் பாவியது போல வேலி முதல் வராந்தா வரை வேலங்கன்று.

பிடுங்கிப் பார்த்தேன். மேலே சாண், கீழே முழம். வேர் வரும்போது ஒரு பிடி புல்லையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. பிடுங்கினால் புல் போகும், விட்டால் முள் வரும். எதைச் செய்வது என்று தெரியாமல் நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, செயலாளர் மலையிலிருந்து இறங்கிவிட்டார். வராந்தாவில் நின்றபடியே பார்த்தார்.

"அடடா! என்னய்யா பண்ணின? பச்சைப்பசேல்னு இருக்கே!"

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. இளித்திருப்பேன். கமிட்டி கூடும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரே மட்டமாக வெட்டி வை, அன்றைக்கே உன் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன் என்றார். காய்ந்த புல்லிடம் தோற்ற அதே இரவல் மெஷின், இளங்கன்றுகளை வெண்ணெய் மாதிரி வெட்டியது. வெட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். எங்கும் ஒரே பச்சை, ஒரே மட்டம். கன்று எது, புல் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. தொல்லை தீர்ந்தது என்று நம்பினேன். அன்று சாயங்காலமே மாமனாருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன், கமிட்டி முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை வாருங்கள், நல்ல சேதி இருக்கும் என்று.

வெட்டியதற்கும் கமிட்டிக்கும் இடையில் நல்ல வெயில் அடித்தது. வெட்டுப்பட்ட தண்டுகள் காய்ந்து இறுகின. புல்லுக்குள் ஒளிந்துகொண்டு அவை ஒவ்வொன்றும் ஊசியாக நின்றன.

ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்கள் எல்லாரும் வராந்தாவில் கூடியிருக்க, செயலாளர் ஊட்டியைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்தார். பிறகு எல்லாரும் பார்க்க பூட்ஸைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், விறுவிறுவென்று நடுவே போனார். போன வேகத்தில் நாலைந்து எட்டு அவருக்கே தெரியவில்லை. அப்புறம் நின்றார். ஒரு காலைத் தூக்கினார். அதை வைக்க இடம் தேடினார், கிடைக்கவில்லை. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார். வராந்தாவில் யாருக்கும் சிரிப்பதா ஓடுவதா என்று தெரியவில்லை. நான்தான் பூட்ஸை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு பூட்ஸுக்குள் காலை நுழைத்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "என்னய்யா போட்ட இதுல?"

"ஆட்டுக்கிடை போட்டேன் சார்."

"லான்லயா? எந்த மடையன் சொன்னான் ஒனக்கு?"

என் வாயில் மாமனார் வந்து நின்றார். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நானாத்தான் போட்டேன் சார்," என்றேன். இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாமனார் பேச்சைக் கேட்டுப் போட்டேன் என்று அந்தப் பெரிய மனிதர்கள் முன்னால் சொல்ல எனக்கு அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கினால் இந்தக் கன்றுகளை யார் தோண்டுவது? இன்னும் ஆறு மாதம் தற்காலிகம் என்றார்கள். மெஷின் வாங்கும் பேச்சு நின்றுபோனது.

மறுநாளிலிருந்து களைக்கொத்தும் கையுமாக உட்கார்ந்தேன். தோண்டத் தோண்ட ஒரே கேள்விதான் மண்டையைக் குடைந்தது. மாமனார் வயலில் வருஷா வருஷம் கிடை போடுகிறார்கள். அங்கே ஏன் வேலங்காடு ஆகவில்லை? அதே ஆடு, அதே நெத்து, அதே மண். நான் என்ன தவறு செய்தேன்?

நல்ல சேதி என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது, அதைத் திருப்பி அழைக்க வழியில்லை. வெள்ளிக்கிழமை காலை மாமனாரின் கூண்டு வண்டி கிளப் வாசலில் வந்து நின்றது. திருக்கோகர்ணம் கோவிலுக்குப் போகலாம் என்று மகளும் கூட வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. களைக்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமனார் இறங்கி நேரே புல்தரையைப் பார்த்தார். குனிந்து வெட்டுப்பட்டு நின்ற ஒரு கன்றின் கட்டையைத் தொட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"எங்க வயல்ல ஒரு நாளும் இப்புடி ஆனதில்லையே மாப்ளே," என்றார். குரல் இறங்கியிருந்தது.

அவர் வாயால் அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பளிச்சென்றது. "நீங்க உழுதுருறீங்க மாமா. மொளைச்சது அத்தனையும் ஏருல போயிரும். இங்க உழக் கூடாதே."

ஆயுசு முழுக்கக் கிடை போட்ட மனிதர், அந்த விதை முளைக்கும் என்பதை அன்றுதான் யோசித்தார் போலிருக்கிறது. வேலை என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். தன் யோசனையால் வந்த வினை என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, ஆறு மாசந்தானே. பொறுத்தது பொறுத்தோம். தை பொறக்கட்டும், பாப்போம்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. என்னைப் பார்த்து அல்ல, தைமாதத்தைப் பார்த்துப் பேசுகிறார் இந்த மனிதர். ஆனால் வண்டிப் பக்கமிருந்துதான் குரல் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்பா முன்னால் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"புல்லு மொளைக்கட்டும்னு ஒரு வருசம் ஓடிப்போச்சு. இப்ப முள்ளு போகட்டும்னு ஆறு மாசமா? நான் எங்க இருக்கணும்னு ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் என்னையக் கேட்டீங்களா?"

மாமனார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உண்மையில் நாங்கள் இருவருமே கேட்டதில்லை. "இப்பக் கேக்குறேன். நீ எங்க இருக்கணும்?" என்றேன்.

அவள் வண்டிக்குள் விரித்திருந்த வைக்கோலை ஒதுக்கினாள். அடியில் இரண்டு மண்பானை, ஒரு சட்டி, சோற்றுக் கரண்டி, பழந்துணியில் சுற்றிய அரிவாள்மனை. மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார். கோவிலுக்குப் போகிறவள் அரிவாள்மனை எடுத்துக்கொண்டு கிளம்பமாட்டாள். அது எனக்கே புரிந்தது.